கிளிஃப்: மாயா எழுத்தின் கூட்டுக்குறிகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

‘கிளிஃப்’ என்னும் சொல் செதுக்குதல் என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. எகிப்தியக் கோயில் எழுத்தைக் கிரேக்கர் ‘புனிதச் செதுக்கல்’ என்ற பொருளில் ஹைரோகிளிஃப் என அழைத்தனர். அதனோடு எவ்வித உறவும் இல்லாத, நடு அமெரிக்காவின் பழங்குடிகளான மாயா மக்களின் எழுத்துக்கும், உருவங்களால் ஆனது என்பதாலேயே, அப்பெயர் ஒட்டிக்கொண்டது. இதைச் ‘செதுக்கெழுத்து’ என்று பெயர்ப்பது சொல்லுக்குப் பொருந்தும், பொருளுக்குப் பொருந்தாது. மாயா எழுத்தர்கள் கல்லில் வெட்டியது போலவே மட்கலங்களிலும் மரப்பட்டைத் தாளிலும் தூரிகையால் எழுதினர். அவர்களுடைய ‘ட்ஸிப்’ என்னும் சொல் எழுதுவதையும் வண்ணந்தீட்டுவதையும் ஒருசேரக் குறித்தது. கண்ணுக்கு மை எழுதுவதையும் தோளில் தொய்யில் எழுதுவதையும் அறிந்த தமிழுக்கு இது புதிதன்று. ஆதலால் தனி வடிவத்தைக் ‘குறி’ என்றும், பல குறிகள் அடங்கிய சதுரத்தை ‘எழுத்துக்கட்டம்’ என்றும் சொல்வதே தகும்.

இன்றைய மெக்சிகோவிலுள்ள பலெங்கே என்னும் மாயா நகரை ஆண்ட பகல் (603–683) என்னும் அரசரின் பெயர் நல்ல சான்று. நம் பகலோடு இதற்குத் தொடர்பில்லை. அங்கே அது கேடயம். கேடயத்தின் உருவம் ஒன்றையே வரைந்தும் அப்பெயரை எழுதலாம், ப‑க‑ல என்று மூன்று அசைக்குறிகளை அடுக்கியும் எழுதலாம். இறுதி அகரத்தைப் படிப்பவரே விட்டுவிட வேண்டும்; புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவருக்கு இது எளிது.

இப்படிக் குறிகள் தத்தம் உருவம் கெடாமல் அடுக்கி நிற்பதைக் ‘கூட்டுக்குறி’ எனலாம். ஒன்றின் வயிற்றுக்குள் மற்றொன்றைச் சிறிதாக வைத்தால் அது ‘உட்குறி’. இரண்டு குறிகள் தம் அடையாளக் கூறுகளைப் பகிர்ந்து ஒரே உருவமாகிவிட்டால் ‘கலப்புக்குறி’. பகலின் மகன் கான் பஹ்லாமின் பெயருக்குப் ‘பாம்பு ஜாகுவார்’ என்று பொருள்; ஜாகுவார் என்பது சிறுத்தையைப் போன்ற அமெரிக்கப் பெரும்பூனை. அது பாம்பின் கூறுகளை ஏற்ற ஜாகுவார்த் தலையாகவே வரையப்பட்டது. க், ஷ இரண்டும் ‘க்ஷ’ ஆவதைப் போன்றதே இது என்றாலும், இடத்துக்கும் அழகுக்கும் ஏற்ப எழுத்தர் தாமே கலக்கவும் பிரிக்கவும் செய்த உரிமை நம் கூட்டெழுத்துக்கு இல்லை.

இக்குறிகளை 1962இல் மாயா ஆய்வாளர் எரிக் தாம்சன் எண்ணிட்டுத் தொகுத்தபோது, ஓரங்களில் ஒட்டிவரும் சிறியவற்றுக்கு 1 முதல் 370 வரையும், நடுவில் நிற்கும் பெரியவற்றுக்கு 501 முதலும், தலையுருவங்களுக்கு 1000 முதலும் எண்கள் தந்தார். அந்த எண்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ஆனால் அவை அளவையும் இடத்தையும் பார்த்து வகுத்தவையே அன்றி, ஒலியையோ பொருளையோ பார்த்து வகுத்தவை அல்ல; ஒரு கட்டத்தில் ஓரத்தில் நின்ற குறி வேறொரு கட்டத்தில் நடுவில் பெரிதாக நிற்கவும் கூடும். அவர் ஓரக்குறிகளுக்கு இட்ட பெயரை ‘ஒட்டு’ என்று அப்படியே பெயர்த்தால், படிப்பவர் அதை இலக்கண விகுதி என்று மயங்குவார். மேலே சொன்ன ப‑க‑ல என்பதில் லகரக் குறி விகுதியன்று, சொல்லின் ஈற்றொலி மட்டுமே. ‘சிறுகுறி’, ‘பெருங்குறி’ என்றால் அந்த மயக்கம் நேராது.