ஒரு லக்ஸ் வெளிச்சத்தில் நடந்து காட்டுங்கள்

ஐந்தடி அகலம், பத்தடி நீளம். அவ்வளவுதான் அந்தப் பாதை. தரையில் வெள்ளைச் சதுரங்கள். அவற்றில் வழிகாட்டும் கறுப்பு அம்புக்குறிகள். நடுநடுவே தாண்ட வேண்டிய தடைகள், சுற்றிப் போக வேண்டிய தடைகள், கடைசியில் ஒரு கதவு. ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருமுறை, மற்றக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருமுறை, இரண்டையும் திறந்துகொண்டு ஒருமுறை நடக்க வேண்டும். விளக்கின் அளவுக்கு ஏழு படிகள் உண்டு. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. மேல்படி 400 லக்ஸ், பளிச்சென்ற அலுவலக அறை. கீழ்ப்படி 1 லக்ஸ், சின்ன இரவு விளக்கு மட்டும் எரியும் அறை.

இந்தப் பாதையில் மனிதர்கள் நடந்து காட்டியதை வைத்துத்தான் 2017 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்துக்கு அனுமதி அளித்தது. அந்த மருந்தைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். பாதையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனக்கென்னவோ இரண்டில் பாதைதான் அதிகம் யோசிக்க வைக்கிறது. பார்வையற்றவருக்குப் பார்வை வந்துவிட்டது என்று சொல்வது எளிது. எவ்வளவு வந்தது, மருந்தால்தான் வந்ததா என்று காட்டுவதில்தான் பாதி ஆராய்ச்சி கழிகிறது.

மருந்தின் வேலையை முதலில் பார்த்துவிடுவோம். விழித்திரையின் ஒளியுணர் செல்களில் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினால் என்ற மூலக்கூறு வளைந்த வடிவில் காத்திருக்கும். ஒளி பட்டதும் அது நிமிரும். அந்த அசைவுதான் பார்வையின் முதல் கணம். நிமிர்ந்ததை மறுபடி வளைத்துக் கொடுத்தால்தான் அடுத்த ஒளியை உணர முடியும். அந்த வேலை பக்கத்திலுள்ள நிறமிப் படலத்தில் நடக்கிறது. செய்வது ஆர்.பி.இ.65 என்ற நொதி. அதற்கான மரபணு இரண்டு பிரதிகளிலும் பழுதாகிப் பிறந்தவர்களுக்கு, ஒருமுறை விழுந்த எலிப்பொறியை மறுபடி இழுத்துப் பூட்ட ஆள் இல்லாத நிலை. பொறி உடைந்துவிடவில்லை, பூட்டப்படாமல் கிடக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே மங்கிய வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. ஆண்டுகள் போகப்போக, பயன்படாமல் கிடந்த செல்களும் மடியத் தொடங்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மக்வயர் தம்பதியின் குழு, நோய் உண்டாக்காத சிறு வைரஸ் ஒன்றில் நல்ல மரபணுவை ஏற்றி, விழித்திரைக்கு அடியில் 0.3 மில்லிலிட்டர் அளவு செலுத்தியது. செல்கள் இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே இது பயன்படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, வழக்கமான எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதித்திருக்கலாமே? கண் மருத்துவ ஆய்வுகளில் செல்லுபடியாகும் நாணயமே அந்தப் பலகைதான். 1976-இல் இயன் பெய்லி, ஜான் லோவி இருவரும் வகுத்த முறைப்படி ஒவ்வொரு வரியிலும் ஐந்து எழுத்துகள் இருக்கும். வரிக்கு வரி எழுத்து ஒரே விகிதத்தில் சிறுக்கும். மூன்று வரி இறங்கினால் எழுத்தின் அளவு சரிபாதி. அதனால்தான் ‘15 எழுத்து முன்னேற்றம்’ என்பது கண் ஆய்வுகளில் ஏறக்குறைய மந்திரச் சொல். ஆனால் அந்தப் பலகை நல்ல வெளிச்சத்தில், விழித்திரையின் நடுப்பகுதியை மட்டும் சோதிக்கிறது. இருட்டில் தடுமாறுவதே நோயாக இருக்கும்போது வெளிச்சத்தில் எழுத்து வாசிக்கச் சொல்லி என்ன தெரிந்துகொள்வது? பார்வை மிகவும் குறைந்தவர்களுக்குப் பலகையே பயன்படாது. விரல்களை எண்ண முடிகிறதா, கை அசைவு தெரிகிறதா, வெளிச்சமாவது தெரிகிறதா என்ற முரட்டு அளவுகளுக்கு இறங்கிவிட வேண்டியதுதான்.

விடையின் வேர் நாய்களிடம் இருந்தது. பிரியார்ட் என்ற நாயினத்தில் இதே மரபணுப் பழுது இயல்பாகவே உண்டு. 2001-இல் அந்த நாய்களுக்கு மரபணு செலுத்தியபோது அவற்றைத் தடைகள் நிறைந்த மங்கலான அறையில் நடக்க விட்டுத்தான் பார்த்தார்கள். நாயிடம் எழுத்தா வாசிக்கச் சொல்ல முடியும்? மனிதர்களுக்கான பாதையும் அதே யோசனையில் எழுந்ததுதான்.

அதன் நுணுக்கங்கள் ருசியானவை. ஒரே பாதையாக இருந்தால் இரண்டாம் முறை நினைவிலிருந்தே நடந்துவிடலாம். எனவே பன்னிரண்டு வெவ்வேறு அமைப்புகள். ஒவ்வொன்றிலும் திருப்பங்களும் தடைகளும் எண்ணிக்கையில் ஒன்றே. ஒப்பீட்டுக் குழுவினருக்கு உடனே சிகிச்சை தரப்படவில்லை, ஓராண்டு காத்திருந்தார்கள். யாருக்கு மருந்து கிடைத்தது என்பது நடப்பவருக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். அப்படியானால் பாரபட்சம் புகுந்துவிடாதா? நடையைக் காணொளியாகப் பதிவுசெய்து, சிகிச்சைக்கு முன்பா பின்பா, எந்தக் குழு என்று எதுவும் அறியாத மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் எண்ணியது நேரத்தையும் தவறுகளையும் மட்டும். ஓராண்டு முடிவில் சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 1.8 வெளிச்சப் படிகள் இறங்கியிருந்தார்கள், காத்திருந்தவர்கள் 0.2 படி. சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் 1 லக்ஸிலும் தேறினார்கள். மற்றக் குழுவில் ஒருவர்கூட இல்லை.

மருந்தின் விலை இரண்டு கண்களுக்குமாக 8,50,000 டாலர் என்று அறிவித்தபோது எழுந்த கூச்சலைப் பற்றி இங்கே பேசவில்லை. அது தனிக் கதை.

ஒப்பீட்டுக்கு வேறு ஆளைத் தேடுவானேன், மனிதனுக்கு இரண்டு கண் இருக்கிறதே என்று தோன்றலாம். ஒரு கண்ணில் மருந்து. மறு கண்ணில் போலி ஊசி, அதாவது ஊசி இல்லாத குழலைக் கண்ணில் அழுத்தி எடுப்பது. அதே ஆள், அதே வயது, அதே மரபணு. இதைவிடச் சிறந்த ஒப்பீடு ஏது? லீபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய்க்கான ஆய்வொன்று இப்படித்தான் தொடங்கியது. பெரும்பாலும் இளைஞர்களைத் தாக்கும் நோய் அது. ஒரு கண் போகும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மற்றதும் போகும். 37 பேர் சேர்ந்தார்கள். 96 வாரங்களுக்குப் பிறகு மருந்து செலுத்திய கண்களில் சராசரியாக 15 எழுத்து முன்னேற்றம். போலி ஊசி போட்ட கண்களில் 13.

கணக்குப்படி ஆய்வு தோற்றுவிட்டது. இரண்டு கண்களுக்கும் இடையே வேறுபாடு இல்லையே. ஆனால் இந்த நோயில் பார்வை இவ்வளவு திரும்புவது வழக்கமில்லை. குரங்குகளில் சோதித்தபோது, ஒரு கண்ணில் செலுத்திய வைரஸின் டி.என்.ஏ. மறு கண்ணின் விழித்திரையிலும் நரம்பிலும் இருந்தது. ஒப்பீட்டுக்கென்று ஒதுக்கிய கண்ணுக்கே மருந்து போய்ச் சேர்ந்திருக்கலாம்! மறுபக்கம், தானாகவே ஓரளவு பார்வை திரும்பும் நோயாளிகளும் இருக்கிறார்கள் என்பதால் சந்தேகம் தீரவில்லை. 2020-இல் இந்த முடிவுகள் வெளியாயின. 2023-இல் மருந்தை உருவாக்கிய நிறுவனம் ஐரோப்பிய அனுமதிக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. போலிச் சிகிச்சைக் குழு இருந்தால் போதும், உண்மை தானே வெளிவரும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஆய்வைப் படிக்கக் கொடுப்பேன்.

அளவுகோல் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. முதுமையில் விழித்திரையின் மையமான மாக்குலாவில் செல்கள் திட்டுத்திட்டாக மடியும் ஒரு நோய்நிலை. பெக்செட்டகோப்லான் என்ற ஊசி மருந்து அந்தத் திட்டு பரவும் வேகத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது. படத்தில் பரப்பை அளந்து பார்த்த அமெரிக்கா 2023-இல் அனுமதித்தது. நோயாளியின் அன்றாடப் பார்வைக்கு அதனால் என்ன கூடியது என்று கேட்ட ஐரோப்பிய மருந்து முகமை 2024-இல் மறுத்தது. தரவுகள் ஒன்றுதான்.

அதே நோயில் செல்கள் மடிந்துவிட்ட இடத்தில் சில்லு வைப்பது மற்றொரு வழி. ஸ்டான்ஃபோர்டில் டேனியல் பலங்கர் வடிவமைத்த பிரிமா, 2 மில்லிமீட்டர் சதுரம். தடிமன் 30 மைக்ரான். உள்ளே 378 புள்ளிகள். கம்பி இல்லை, மின்கலம் இல்லை. மூக்குக் கண்ணாடியிலுள்ள கேமரா காட்சியை எடுக்கும். கண்ணாடி அதை அகச்சிவப்பு ஒளியாக விழித்திரையில் வீசும். ஒவ்வொரு புள்ளியும் குட்டிச் சூரியத் தகடு போல அந்த ஒளியையே மின்சாரமாக்கி அடுத்த அடுக்கு நரம்புச் செல்களைத் தூண்டும். எஞ்சியுள்ள ஓரப்பார்வைக்கு அகச்சிவப்பு தெரியாது என்பதால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. அழகான தந்திரம்.

ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 38 பேருக்கு இதைப் பொருத்தினார்கள். 2025 அக்டோபரில் முடிவு வந்தது: ஓராண்டில் சோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குப் பலகையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். 19 பேருக்குத் தீவிரப் பக்கவிளைவுகளும் வந்தன. பெரும்பாலானவை இரண்டு மாதத்தில் சரியாகின. இங்கே என் மனம் அந்தப் பாதையை வடிவமைத்தவர்களை நினைத்துக்கொள்கிறது. இந்தக் கண்ணாடியில் உருப்பெருக்கமும் உண்டு. ஒப்பீடு, கண்ணாடி போட்டதற்கும் போடாததற்கும் இடையில் நடந்தது. வாசிப்பு கூடியதில் சில்லின் பங்கு எவ்வளவு, உருப்பெருக்கத்தின் பங்கு எவ்வளவு? நடுப்பார்வை செத்த இடத்தில் எழுத்தின் வடிவம் மீண்டும் தெரிகிறது என்பது மெய்யான சாதனை. அந்தப் பிரிப்புக் கணக்கையும் யாராவது போட வேண்டும்.

பாசியிலிருந்து எடுத்த ஒளியுணர் புரத மரபணுவை நரம்புச் செல்களில் ஏற்றும் ஒளிமரபியல் முறையில் 2021-இல் வெளியான அறிக்கை ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. வயது 58, பல பத்தாண்டுகளாகப் பார்வை இல்லாதவர். ஒளியைக் கூட்டித் தரும் கண்ணாடியோடு, மேசை மேலிருந்த நோட்டுப் புத்தகத்தை 92 சதவீத முறை கண்டுபிடித்தார். அதைவிடச் சிறிய பெட்டியை 36 சதவீத முறைதான். இந்த நிலையை எட்ட அவருக்குப் பல மாதப் பயிற்சி தேவைப்பட்டது. கண்ணுக்குள் சிக்னல் வந்துவிட்டால் போதாது, மூளை அதைப் படிக்கப் பழக வேண்டும். 1688-இல் மோலினோ என்பவர் தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் கேட்டார்: பிறவியிலேயே பார்வையற்ற ஒருவருக்குப் பார்வை வந்தால், கையால் தடவியறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் கண்ணால் பார்த்ததும் பிரித்தறிவாரா? விடைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பவன் சின்ஹாவின் குழு, பிறவிப் பார்வைக் குறை அறுவையால் நீக்கப்பட்ட ஐந்து பேரை, 8 முதல் 17 வயது வரையிலான சிறுவர் சிறுமியரை, அறுவை முடிந்த உடனே சோதித்தது. தொட்டதைத் தொட்டும், பார்த்ததைப் பார்த்தும் எளிதாகப் பொருத்தினார்கள். தொட்டதைப் பார்த்துப் பொருத்தச் சொன்னபோது 58 சதவீதம், காசு சுண்டுவதைவிடச் சற்றே மேல். ஆனால் விரைவிலேயே கற்றுக்கொண்டார்கள். பார்வை வந்த மறுநாளே சோதித்துத் தோல்வி என்று எழுதிவிட்டால் தவறு நம்முடையது.

கண்ணை விட்டுவிட்டு வேறு புலன் வழியாகப் போகும் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 1969-இல் பால் பாக்-இ-ரிட்டா 400 அதிர்வு முனைகள் பதித்த நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, கேமரா கண்டதை முதுகில் வரைந்து காட்டினார். கேமராவைத் தாமே அசைக்கும்போதுதான் பொருள் முதுகில் அல்ல, எதிரே இருப்பதாக உணர்ந்தார்கள். அதன் வாரிசான பிரெயின்போர்ட் நாக்கைப் பயன்படுத்துகிறது. 2015-இல் அனுமதி பெற்றபோது, ஓராண்டுப் பயிற்சியை முடித்த 74 பேரில் 69 சதவீதம் பொருள்களை அடையாளம் காணும் சோதனையில் தேறியிருந்தார்கள். நல்ல எண்தான். ஆனால் வெள்ளைக் கோலைக் கையாளத் தெரிந்தவர் அதைவிட இதனால் என்ன பெறுகிறார் என்பது வேறு கேள்வி. போலிக் கோல் என்று ஒன்றைக் கொடுத்து ஏமாற்றவும் முடியாது. பல வகை மாற்றுத்திறனாளிகளிடம் 1993-இல் நடத்திய புகழ்பெற்ற கணக்கெடுப்பு ஒன்றில், உதவிக் கருவிகளில் 29.3 சதவீதம் முற்றிலும் கைவிடப்பட்டிருந்தன. காரணங்களில் ஒன்று: தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்கவில்லை.

கைவிடுவது எப்போதும் பயனாளரும் அல்ல. பிரிமாவுக்கு முன்னோடி ஆர்கஸ் 2. விழித்திரையின் மேல் ஆணியிட்டுப் பொருத்திய 60 மின்முனைகள். 2013-இல் அமெரிக்க அனுமதி. முதல் ஆய்வில் இருந்த 30 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, பாதுகாப்பு, கதவைக் கண்டுபிடிப்பது, தரையில் கோட்டைப் பின்பற்றி நடப்பது எல்லாவற்றையும் அளந்து அட்டவணை போட்டார்கள். உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். 2019-இல் தயாரிப்பு நிறுவனம் அந்தக் கருவியை நிறுத்தியது. வெளிக் கண்ணாடி பழுதானால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டிய நிலையில் பலர் விடப்பட்டார்கள். உள்ளே உள்ள மின்முனைகளை எடுக்க வேண்டுமானால் இன்னோர் அறுவை தேவை.