காரின் டயரில் 94 டபிள்யூ: ஸ்போர்ட்ஸ் கார்காரர்களுக்கு விதி சொல்வது என்ன?

"நம்ம ரோட்டுல யாரு சார் 200-ல போறாங்க? எச் ரேட்டிங் போதும், விலையும் கம்மி." போன வருடம் ஒரு டயர் கடையில் எனக்குச் சொன்னது இது. என் காரின் கதவுத் தூணில் இருந்த ஸ்டிக்கரில் 94 டபிள்யூ என்று போட்டிருந்தது. கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது, கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். அப்புறம் விதிகளைத் தேடிப் படித்தபோதுதான் அந்த இரண்டு இலக்கமும் ஓர் எழுத்தும் எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது.

டயரின் பக்கச் சுவரில் 225/45 ஆர்17 94 டபிள்யூ என்று இருந்தால், 225/45 ஆர்17 என்பது அளவு. அதன் பின்னால் வரும் 94 எடை எண். இது கிலோ அல்ல, ஒரு அட்டவணையின் வரிசை எண். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 91 என்றால் 615, 94 என்றால் 670. கடைசியில் வருவது வேக எழுத்து: எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி 240, டபிள்யூ 270, ஒய் 300. ஒய்யை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் 300-க்கும் மேல். அளவோடு சேர்ந்து வரும் இசட்ஆர் பழைய வழக்கம். 240-க்கு மேல் என்று மட்டுமே சொல்லும். ஆகவே இசட்ஆர் என்று பார்த்ததும் திருப்தியடையாமல் கடைசி எழுத்தையும் பாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 94 டயரின் நிலையைப் பற்றியது: காருக்கு டயர் முகப்பில் உள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வீக்கமோ, உள்ளிழை தெரிகிற வெட்டோ இருக்கக் கூடாது. விதி 95 அளவையும் தாங்கும் வலுவையும் பற்றியது. கார் டயருக்கு ஐஎஸ் 15633 தரமும் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். ஒரு மாடலுக்கு ஒப்புதல் வாங்கும்போதே எந்த அளவு, எந்த எடை எண், எந்த வேக எழுத்து என்று தயாரிப்பாளர் பதிந்துவிடுகிறார். கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும், வண்டியோடு வந்த கையேடும் அந்தப் பதிவின் நகல் மாதிரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அனுமதிக்கப்படாத பாகங்களைப் பொருத்தி வண்டியைத் திருத்தினால், பிரிவு 182ஏ-இன்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, ஸ்டிக்கரில் உள்ளதையோ அதற்கு மேலானதையோ வாங்கினால் போதுமே, கணக்கு எதற்கு? சாதாரண காருக்கு அவ்வளவு போதும். ஸ்போர்ட்ஸ் காரில் எடை எண்ணும் வேக எழுத்தும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன, இதைக் கடைகளில் யாரும் விளக்குவதில்லை. டபிள்யூ டயர் தன் முழு எடையைத் தாங்குவது 240 கிலோமீட்டர் வேகம் வரைதான். 250-இல் 95 சதவீதம், 260-இல் 90, 270-இல் 85. ஒய் டயருக்கு இந்தக் குறைவு 270-க்கு மேல்தான் தொடங்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பின் அச்சின் அதிகபட்ச எடை 1,150 கிலோ என்றால் ஒரு டயருக்கு 575. எடை எண் 88 போதாது, 89-க்கு 580 கிலோ, அது போதும். ஆனால் காரின் உச்ச வேகம் 270, வாங்குவது டபிள்யூ என்றால் 575-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். 676 கிலோ வரும். 94 கூடப் போதாது, 95 வேண்டும். அதே காருக்கு ஒய் வாங்கினால் 89 போதும். தயாரிப்பாளர் ஒய் என்று எழுதியிருந்தால் அதன் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

எக்ஸ்எல், அதாவது எக்ஸ்ட்ரா லோட் என்று கூடுதல் எடை தாங்கும் டயரிலும் பலர் ஏமாறுகிறார்கள். அதே 225/45 ஆர்17 சாதாரணமாக 91, எக்ஸ்எல் என்றால் 94. ஆனால் அந்தக் கூடுதல் வலு காற்றழுத்தத்திலிருந்து வருகிறது. சாதாரண டயரின் எடைக் கணக்கு சுமார் 36 பிஎஸ்ஐ அழுத்தத்தில், எக்ஸ்எல்லுக்குச் சுமார் 42-இல். எக்ஸ்எல் மாட்டிவிட்டுப் பழைய அழுத்தமே வைத்தால் அது சாதாரண டயர் அளவுக்கே, சில சமயம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தாங்கும்.

வீல் பெரிதாக்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 17 அங்குலத்திலிருந்து 18-க்குப் போய் 225/40 ஆர்18 வாங்கினால் வெளி விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த அளவில் சாதாரண டயர் 88. முன்பு 615 கிலோ தாங்கிய இடத்தில் இப்போது 560. 92 எக்ஸ்எல் தேடி வாங்க வேண்டும். வேறு வேரியண்ட்டில் அதே அளவு கம்பெனியிலேயே வருகிறதா என்று கையேட்டில் முதலில் பாருங்கள்.

இனி அந்தக் கடைக்காரர் கேள்வி. நம் விரைவுச்சாலைகளில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 120-ஐத் தாண்டுவதில்லை, பிறகு எதற்கு டபிள்யூ? டயரைக் கொல்வது வெப்பம். வேக எழுத்து என்பது எவ்வளவு சூட்டைத் தாங்கும் கட்டமைப்பு என்பதற்கான சான்றும்கூட. சித்திரை வெயிலில் கொதிக்கும் தார் ரோடு, நாலு பிஎஸ்ஐ குறைந்த காற்று, முழு லோடு, எல்லாம் சேரும்போது அந்த மிச்சத் தாங்குதிறன்தான் காப்பாற்றுகிறது. தவிர, திருப்பத்திலும் திடீர் பிரேக்கிலும் கார் எப்படி நடக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தீர்மானித்து உருவாக்கியது உயர்ந்த வேக எழுத்துள்ள விறைப்பான டயரை வைத்து. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்குப் போகிறவர்கள் எழுத்தைக் குறைக்கவே கூடாது. ஜெர்மனியில் பனிக்கால டயருக்கு மட்டும் காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த எழுத்தை அனுமதிக்கிறார்கள். அதற்கும் ஓட்டுநர் கண்ணில் படும்படி அந்த வேக வரம்பை ஸ்டிக்கராக ஒட்ட வேண்டும்.

டயர் கிடைப்பதில் சிரமம் இருப்பது உண்மைதான். 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதனால் அபூர்வ அளவுகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு வரும்போதே ஆர்டர் கொடுத்துவிடுங்கள், 1.6 வரை ஓட்டிவிட்டு கையில் கிடைத்ததை மாட்டாதீர்கள்.

ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே மாதிரி இருக்கட்டும். முன்னும் பின்னும் வேறு எழுத்து என்றால் குறைந்த எழுத்துதான் காரின் வரம்பு. பஞ்சர் ஒட்டிய டயருக்குப் பழைய வேக மதிப்பைப் பல நிறுவனங்கள் உறுதி சொல்வதில்லை. டிக்கியில் இருக்கும் மெலிந்த ஸ்டெப்னிக்கு 80 கிலோமீட்டர்தான் வரம்பு. கடைக்குப் போகும்போது கதவுத் தூண் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டும் முன்னால் நாலு டயரிலும் எண்ணையும் எழுத்தையும் நீங்களே படித்துப் பாருங்கள். பில்லிலும் அளவோடு சேர்த்து 94 டபிள்யூ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.