ஸ்டியரிங் கோணல் வேறு, வண்டி இழுப்பது வேறு

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ பார்ட்ஸ் வாங்கிவந்து, வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, டை ராடு எண்டையும் (ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை) ஷாக் அப்சார்பரையும் தாங்களே மாற்றிக்கொள்கிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. கூலி மிச்சம், வண்டியின் அடிப்பகுதியும் பழகிவிடும். தப்பே இல்லை. ஆனால் வேலை முடிந்து நான்குவழிச் சாலையில் ஏறியதும் சிலருக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும். ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பி நிற்கும், ஆனால் வண்டி நேராகப் போகும். அல்லது ஸ்டியரிங் நேராக இருக்கும், கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் ஒதுங்கும். இரண்டையும் "அலைன்மென்ட் போயிடுச்சு" என்ற ஒரே வார்த்தையில், அதாவது சக்கரங்களின் கோண ஒழுங்கு கெட்டுவிட்டது என்று, சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் காரணம் வேறு.

முதலில் கோணல் ஸ்டியரிங். முன்சக்கரங்கள் இரண்டும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். மூக்குப் பக்கம் உள்ளே சேர்ந்திருந்தால் டோ-இன், வெளியே விரிந்திருந்தால் டோ-அவுட். இந்த டோவைத் தீர்மானிப்பது டை ராடின் நீளம். அந்த நீளத்தை மாற்றுவது அதன் மரை. பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிவைத்து, புதியதை அதே அளவு ஏற்றினால் போதும் என்பது பரவலான யோசனை. அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிப் போகிற வரைக்கும் அது போதும். அதற்கு மேல் ஏன் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்று தவறினால் டை ராடு 1.5 மி.மீ. நீளும் அல்லது குறையும். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கையின் நீளம் சிறிய கார்களில் சுமார் 13 செ.மீ. அப்படியென்றால் சக்கரம் 0.66 டிகிரி திரும்பிவிடும். 14 அங்குல ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே அது 4 மி.மீ. வித்தியாசம். பல சிறிய கார்களுக்கு இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே 1, 2 மி.மீ. பிழையைத்தான் கம்பெனி அனுமதிக்கிறது. புதிய எண்டு பழையதைவிட ஒரு மி.மீ. நீளமாகவோ குட்டையாகவோ வந்திருந்தாலும் சுற்று எண்ணியது வீண்.

இப்போது வண்டி ஓடும்போது என்ன நடக்கிறது? ஒரு பக்கச் சக்கரம் மட்டும் 0.66 டிகிரி தவறியிருந்தாலும், சாலையில் இரண்டு டயரும் எதிரெதிராகத் தள்ளிக்கொண்டு அந்தப் பிழையைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆளுக்கு 0.33 டிகிரி. தள்ளல் இரண்டு பக்கமும் சமம் என்பதால் வண்டி நேராகவே போகும். ஆனால் சக்கரங்கள் புதிய நடுநிலைக்கு நகர்ந்துவிட்டதால் ஸ்டியரிங்கும் கூடவே நகர்ந்தாக வேண்டும். ஸ்டியரிங் விகிதம் 15-க்கு 1 (ஸ்டியரிங் 15 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி) என்றால், கையில் 5 டிகிரி கோணல். இதுதான் "நேராப் போகுது, ஆனா ஸ்டியரிங் கோணலா இருக்கு" என்பதன் கதை. டோ தவறினால் வண்டி தொடர்ந்து ஒரே பக்கம் இழுப்பது அரிது.

இழுக்கவில்லையே என்று விட்டுவிடவும் கூடாது. 0.33 டிகிரி என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 5.8 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு ஒருமுறை போனாலே கால் கிலோமீட்டர் அளவுக்குக் குறுக்காகத் தேய்ந்திருக்கும். டயரின் குறுக்கே உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பு, திரும்பி வரும்போது ரம்பம் போலச் சுரண்டல் என்றால் டோதான் குற்றவாளி.

அடுத்தது இழுப்பு. ஷாக் அப்சார்பரை மாற்றியபின் வருகிற இழுப்பைத்தான் பலரும் டோவைத் திருகித் திருகிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். சரியாகாது. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இணைந்த தூண். பல வண்டிகளில் அதன் கீழ்முனையை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். போல்ட்டைவிட ஓட்டை சற்றுப் பெரியது. இரண்டு போல்ட்டுக்கும் நடுவே 6 செ.மீ. என்றால், ஒன்று மற்றதைவிட ஒரு மி.மீ. நகர்ந்து இறுகினாலே சக்கரத்தின் சாய்வு ஏறக்குறைய 1 டிகிரி மாறிவிடும். இந்தச் சாய்வுதான் கேம்பர். தெருவில் பழைய டயரைக் குச்சியால் தட்டி ஓட்டும் பையன்களுக்கு இது தெரியும்: டயர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வளைந்து ஓடும். காரிலும் அதேதான். இடது சக்கரத்தின் தலை வலது சக்கரத்தைவிட அதிகமாக வெளியே சாய்ந்திருந்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும்.

ஆகவே பழைய ஸ்ட்ரட்டைக் கழற்றும் முன் நக்கிள் இருந்த இடத்தைப் பெயின்டால் குறித்துக்கொள்வது கொஞ்சம் உதவும். புதிய ஸ்ட்ரட்டில் அந்தக் குறி இருக்காது என்பதால், இரண்டு பக்கமும் நக்கிளை ஒரே திசையில் தள்ளிப்பிடித்து இறுக்குவது அதைவிட நல்லது. குறைந்தபட்சம் இரண்டும் ஒத்துப்போகும். இன்னொன்று: கேம்பர் மாறினால் டோவும் கூடவே மாறும், ஏனென்றால் ஸ்டியரிங் கை அந்த நக்கிளோடு ஒட்டியது. கேம்பரைப் பார்க்காமல் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பும் கடைக்கு அடுத்தமுறை நான் போகமாட்டேன்.

லோயர் ஆர்ம் (நக்கிளின் அடிப்பகுதியை வண்டியோடு இணைக்கும் கை) மாற்றியவர்களுக்கு வேறு ஒரு பொறி. அது வண்டியோடு சேரும் இடத்திலுள்ள புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். சக்கரம் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் அமர்ந்தபிறகுதான் கடைசி இறுக்கு.

இவை எதையும் தொடும் முன் டயரைச் சந்தேகப்படுங்கள். காற்றைச் சமமாக்கி, முன்டயர் இரண்டையும் இடம்மாற்றி ஓட்டுங்கள் (சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் வேண்டாம்). இழுப்பு பக்கம் மாறினால் குற்றம் டயரில். ரிம்முக்கும் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நடுவே செம்மண்ணோ துருவோ சிக்கியிருந்தால் சக்கரம் சரியாக அமராமல் ஆடும், ஸ்டியரிங் உதறும். அலைன்மென்ட் எந்திரத்தில் ஏற்றினாலும் அந்த உதறல் போகாது.

சோதிக்கும் சாலையும் முக்கியம். மழைநீர் வடிய வேண்டும் என்று ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 2, 2.5 செ.மீ. சரிவு வைத்துத்தான் சாலை போடுகிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நம் வண்டி இயல்பாகவே மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். ராயக்கோட்டை சாலையின் ஓரத்தில் ஓட்டிவிட்டு இழுக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம், சமதளமான இடம் தேடுங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) விஷயம். அலைன்மென்ட்டுக்கு முன்னால் அதைப் பாருங்கள், அந்தக் கணவாயில் தள்ளிப்போடுவதற்கு இடமில்லை.

கடைசியாக ஒரு குறுக்குவழி பற்றி. ஸ்டியரிங் கோணலாக இருந்தால் அதையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கண்ணுக்கு நேராகிவிடும், டயர் தேய்வது அப்படியே இருக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கைத் தெரியாமல் கழற்றுவது ஆபத்து. சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு இருந்தால், அதன் கோண உணரி நேராகப் போகும் வண்டியைத் திரும்புவதாகவே கணக்கெடுக்கும். உண்மையான வேலை இதுதான்: ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவைத்து, இரண்டு டை ராடையும் தனித்தனியாகத் திருகிச் சக்கரங்களை அதற்கு ஒத்துவரச் செய்து, லாக் நட்டை இறுக்குவது.