எதிராளி பெட்டியில் இருக்கும் பத்திரம்: எப்போது கேட்பது?

கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை, கூட்டுப் பட்டா. அப்பா காலத்தில் எழுதிய கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தப் பாகம் என்று குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட சீட்டு) அண்ணன் வீட்டு டிரங்குப் பெட்டியில். தம்பி பாக வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “கூண்டில் ஏறும்போது அண்ணனைக் காட்டச் சொல்லிக்கலாம்” என்று அவர் இருந்தால், நல்ல நேரம் அதற்குள் கடந்துவிடும்.

முதலில் கையில் இருப்பது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், 1908, கட்டளை 7 விதி 14-ன்படி, வழக்குக்கு ஆதாரமான ஆவணங்களை வாதி பிராதுடனேயே, அதாவது வழக்கு மனுவுடனேயே, தாக்கல் செய்ய வேண்டும். தீர்வை ரசீதும் ஃபேக்டரிக்கு இலை போட்ட ரசீதும்கூடச் சேரட்டும். நிலத்தை அனுபவித்து வருவதைக் காட்ட அவை உதவும். தன்னிடம் இல்லாத ஆவணம் யாரிடம் இருக்கிறது என்று, தெரிந்தவரை, பிராதிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒற்றை வரியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பிரதிவாதிக்கும் இதே கடமை உண்டு. சம்மன் கிடைத்த 30 நாளில், நீட்டித்தால் 90 நாளில், எதிருரையுடன் (பிராதுக்கு எழுத்தில் தரும் பதிலுடன்) அவர் தன் ஆவணங்களை வைக்க வேண்டும். பிந்தி வைக்க கோர்ட் அனுமதி தேவை. “மறந்துட்டேங்க” என்பது அங்கே பெரிதாக எடுபடாது.

இனி பெட்டிக்கு வருவோம். அண்ணன் தன் எதிருரையிலேயே கூர்ச்சீட்டைக் குறிப்பிட்டிருந்தால் வேலை சுலபம். கட்டளை 11 விதி 15-ன் கீழ், பார்க்கவும் நகல் எடுக்கவும் வக்கீல் மூலம் நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் எழுவினா (கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனைவதற்கு முன்போ அன்றைக்கோ கொடுத்துவிட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 10 நாளுக்குள் எங்கே, எப்போது பார்க்கலாம் என்று அவர் பதில் தர வேண்டும். காட்டாமல் இழுத்தடித்தால், தகுந்த காரணம் சொன்னாலொழிய, பிறகு அதே சீட்டை அவரே தன் பக்கச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது.

எதிருரையில் சீட்டைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லையா? அதே கட்டளை 11-ன் விதி 12-ன் கீழ் மனுப் போடலாம். வழக்கு தொடர்பாக என்னென்ன ஆவணம் தன்னிடம் இருக்கிறது, முன்பு இருந்தது என்று அவர் சத்தியம் செய்து பட்டியல் தர வேண்டிவரும். இந்த மனுவை எதிருரை வருவதற்கு முன்பே போட்டால், “இந்தக் கட்டத்தில் தேவையில்லை” என்று கோர்ட் தள்ளிவைக்க இடமுண்டு. சண்டை எதைப் பற்றி என்றே அப்போது தெளிந்திருக்காது. சாட்சி விசாரணை நடக்கும்போது போட்டால் இழுத்தடிப்பு என்ற பேர் வரும். எதிருரை வந்த கையோடு போடுவதுதான் சரி. உத்தரவை மதிக்காத பிரதிவாதியின் எதிர்வாதத்தையே விதி 21-ன் கீழ் நீக்கலாம். எடுத்த எடுப்பில் கோர்ட் அந்த அளவுக்குப் போகாது.

கையில் மங்கலான ஜெராக்ஸ் இருந்தால், மூலத்தைக் கொண்டுவரச் சொல்லித் தனியாக ஒரு நோட்டீஸும் கொடுத்து வையுங்கள். மூலம் வராதபோது நகலைச் சாட்சியமாகக் காட்ட அது வழி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. கூர்ச்சீட்டைப் பதிவில்லாமல் ஏற்பார்களா என்பது வேறு சண்டை.

பெட்டியில் இருப்பது பதிவான பாகப்பத்திரம் என்றால் இத்தனை பாடே வேண்டாம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்திலிருந்து யார் கேட்டாலும் நகல் தர வேண்டும் என்கிறது பதிவுச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, பத்திர எண்ணைக் குறித்துக்கொண்டு, பிராது எழுதுவதற்கு முன்பே சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். அண்ணனுக்குத் தெரியவே வேண்டியதில்லை.