பிரபஞ்சம் அழியப்போகிறது என்று அடுத்தவருக்கு அனுப்பும் முன்

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மோதவிடும் முடுக்கி எல்.எச்.சி. (லார்ஜ் ஹேட்ரான் கொலைடர்). அது பராமரிப்பு முடிந்து ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், உலகை அழித்துவிடும் என்ற அதே பழைய செய்தி புதுத் தேதியோடு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. 2022 ஜூலை 5 அன்று நரகத்தின் வாசல் திறக்கிறது என்றார்கள். அன்று நடந்தது 13.6 டெரா எலக்ட்ரான்வோல்ட்டில் புரோட்டான் மோதல் (எலக்ட்ரான்வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு, டெரா என்றால் லட்சம் கோடி). 2024 ஏப்ரல் 8 சூரிய கிரகணத்தன்று பிரபஞ்சத்தையே கிழிக்கப்போகிறார்கள் என்றார்கள். அந்த ஆண்டின் மோதல்கள் ஏப்ரல் 5-ஆம் தேதியே தொடங்கிவிட்டன. கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செர்ன் வளாகத்தில் நிற்கும் நடராசரையும் விட்டுவைப்பதில்லை. அது இந்தியா கொடுத்த அன்பளிப்பு, 2004 ஜூன் 18 அன்று திறந்துவைக்கப்பட்டது. துகள்கள் ஓயாமல் தோன்றுவதும் மறைவதுமான ஆட்டத்துக்கு ஆனந்தத் தாண்டவத்தைவிடப் பொருத்தமான உருவம் இல்லை. தில்லையில் போய்க் கும்பிடுகிறவர்களே அந்தச் சிலையின் படத்தைப் போட்டு "அழிவின் குறியீடு" என்று பரப்புவதைத்தான் தாங்க முடியவில்லை.

கேள்வியில் தவறே இல்லை. அறிவுள்ள ஓர் உயிரினம் தன் ஆராய்ச்சியாலேயே பிரபஞ்சத்துக்கு உலை வைத்துவிடுமா என்று இயற்பியலாளர்களே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறார்கள். நாம் இருக்கும் வெற்றிடமே, அதாவது வெளியின் அடிப்படை நிலையே, நிலையற்றதாக இருக்கலாம் என்று 1982-இல் மைக்கேல் டர்னரும் ஃபிராங்க் வில்செக்கும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். முடுக்கிகளால் அதைத் தூண்டிவிட முடியுமா என்று மறு ஆண்டே பீட் ஹட், மார்ட்டின் ரீஸ் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்து, கண்ணுக்கெட்டிய காலம்வரை முடியாது என்று அதே இதழில் பதில் சொன்னார்கள். கேள்வியை மட்டும் கத்தரித்து "விஞ்ஞானிகளே எச்சரிக்கை" என்று தலைப்புப் போடுகிறவர்கள், அந்த விஞ்ஞானிகள் கடைசியில் என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

இந்தச் செய்திகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு பொய் கிடக்கிறது: "பிரபஞ்சத்தில் இதுவரை நிகழாத ஆற்றலில் மோதவிடுகிறார்கள்." நல்ல பத்திரிகைகள்கூட யோசிக்காமல் இதை எழுதுகின்றன. மனிதன் செய்த மோதல்களில் இதுதான் பெரியது என்றால் சரி. பிரபஞ்சத்தில் பெரியது என்றால் முழுத் தவறு. 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த 'ஃபிளைஸ் ஐ' கருவி ஒரு காஸ்மிக் கதிர்த் துகளை, அதாவது விண்வெளியிலிருந்து வந்து விழும் அதிவேகத் துகளை, பதிவுசெய்தது. அதன் ஆற்றல் 3.2×10²⁰ எலக்ட்ரான்வோல்ட். 2021 மே 27 அன்று அதே யூட்டாவில் இன்னொன்று, 2.4×10²⁰.

இந்த எண்ணை அப்படியே எல்.எச்.சி.யோடு ஒப்பிடக் கூடாது. அப்படிச் செய்தால் நாமும் ஏமாற்றுகிறோம் என்று ஆகிவிடும். எல்.எச்.சி.யில் இரண்டு புரோட்டான்கள் நேருக்கு நேர் வருவதால் முழு ஆற்றலும் மோதலுக்குக் கிடைக்கிறது. காஸ்மிக் கதிரோ காற்றில் சும்மா இருக்கும் அணுக்கருவை வந்து இடிக்கிறது. ஆற்றலின் பெரும்பங்கு முன்னோக்கிப் போவதிலேயே செலவாகிவிடும். மோதலுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்க, துகளின் ஆற்றலை புரோட்டானின் நிறை ஆற்றலோடு (0.938×10⁹ எலக்ட்ரான்வோல்ட்) பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 1991-இல் வந்த துகளுக்கு விடை சுமார் 770 டெரா எலக்ட்ரான்வோல்ட். இவ்வளவு கழிவு கொடுத்த பிறகும் எல்.எச்.சி.யைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல். கணக்கைத் திருப்பிப் போட்டால், 10¹⁷ எலக்ட்ரான்வோல்ட்டோடு வருகிற எந்தத் துகளும் ஓர் எல்.எச்.சி. மோதலுக்குச் சமம். அப்படிப்பட்டவை நம் வளிமண்டலத்தில் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் விழுகின்றன. இந்த வரியைப் படிக்கும்போதும் தலைக்கு மேலே விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. எல்.எச்.சி. தன் ஆயுள் முழுவதும் செய்யப்போகும் மோதல்களைப்போல் லட்சம் மடங்கை இந்தப் பூமி ஏற்கெனவே பார்த்துவிட்டது.

"சூரியனின் மையத்தைவிட லட்சம் மடங்கு வெப்பம்" என்பது அடுத்த பூச்சாண்டி. ஈய அணுக்கருக்களை மோதவிடும்போது அந்த வெப்பநிலை உண்மையாகவே வருகிறது. ஆனால் எவ்வளவு இடத்தில்? ஓர் அணுக்கருவின் அளவில், கண்ணிமைப்பதில் கோடானுகோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு. ஒரு புரோட்டான் மோதலின் மொத்த ஆற்றல் சுமார் 2 மைக்ரோ ஜூல். பறக்கிற சில கொசுக்களுக்கு இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இதே அளவுதான்.

அப்படியென்றால் இந்த இயந்திரத்தில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஆபத்து பிரபஞ்சத்துக்கு அல்ல. வடிவமைப்பின்படி, குழாயில் ஒரே திசையில் சுற்றும் ஒரு கற்றையில் 320 லட்சம் கோடி புரோட்டான்கள் ஓடும். எல்லாம் சேர்ந்து 36 கோடி ஜூல். இது தடம் மாறினால் இயந்திரத்தையே உருக்கிவிடும். அதனால்தான் கோளாறு தெரிந்த மூன்று சுற்றுக்குள், அதாவது 300 மைக்ரோ விநாடிக்குள், கற்றையைத் திருப்பி சுமார் 8 மீட்டர் நீளமுள்ள கிராஃபைட் உருளைக்குள் கொட்டிவிடுகிறார்கள். 2008 செப்டம்பர் 19 விபத்தையும் வதந்திக்காரர்கள் "வெளியைக் கிழித்த வெடிப்பு" என்கிறார்கள். நடந்தது இதுதான்: இரண்டு காந்தங்களுக்கு நடுவே மீக்கடத்திக் கம்பிகளை (கடும் குளிரில் தடையின்றி மின்சாரம் கடத்துபவை) சேர்த்த ஒரு பற்றவைப்பு சரியாக அமையவில்லை. 1.9 கெல்வின் குளிரில் அந்த இணைப்பின் மின்தடை ஓர் ஓமின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். அங்கே அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு இருந்தது. சுமார் 8,700 ஆம்பியர் ஏறியதும் இணைப்பு சூடாகி மின்வில் பாய்ந்தது; காந்தங்களைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்தின் உறை ஓட்டையாகி, டன் கணக்கில் ஹீலியம் பொங்கி, காந்தங்களை இருந்த இடத்திலிருந்து தள்ளியது. 53 காந்தங்களை மேலே ஏற்றிப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அப்போது குழாயில் கற்றையே இல்லை. ஒரு மோதல்கூட அதுவரை நடந்திருக்கவில்லை. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருந்துளையைப் பற்றிக் கவலை இல்லை. ஹீலியம் கசிந்து ஆக்சிஜன் குறைந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. கையோடு சுவாசக் கருவி வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

கருந்துளை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நமக்குத் தெரிந்த ஈர்ப்பு விதிப்படி இரண்டு துகள்களை இடித்துக் கருந்துளை செய்ய எல்.எச்.சி.யின் ஆற்றல்போல் கிட்டத்தட்ட ஆயிரம் லட்சம் கோடி மடங்கு வேண்டும். கூடுதல் பரிமாணங்கள் இருந்தால் இன்னும் குறைவாகவே போதும் என்பது ஊகம். அப்படி உண்டானாலும், கருந்துளை தானே ஆற்றலை உமிழ்ந்து சுருங்கும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் கணித்த 'ஹாக்கிங் கதிர்வீச்சில்' உடனே கரைந்துவிட வேண்டும்.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஒரு நல்ல ஆட்சேபம் வைப்பார்கள். காஸ்மிக் கதிரில் உண்டாகும் கருந்துளை அதே வேகத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டு போய்விடும், எல்.எச்.சி.யில் உண்டாவது மெதுவாக இருந்து பூமிக்குள்ளேயே தங்கிவிடலாமே? இந்த ஆட்சேபத்துக்குத்தான் இயற்பியலாளர்கள் ஸ்டீவன் கிடிங்ஸும் மிக்கேலாஞ்சலோ மங்கானோவும் 2008-இல் நீண்ட ஆய்வு ஒன்றை எழுதினார்கள். வெண்குறுமீனில், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனில், ஒரு கன சென்டிமீட்டர் பொருள் ஒரு டன் அளவுக்கு எடை இருக்கும். நியூட்ரான் விண்மீன் அதைவிடப் பல கோடி மடங்கு அடர்த்தி. காஸ்மிக் கதிரில் உண்டாகும் கருந்துளை எவ்வளவு வேகமாக வந்தாலும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். பூமியைத் தின்னக்கூடிய கருந்துளை இப்படி உருவாக முடியும் என்றால் அந்த விண்மீன்கள் எப்போதோ காணாமல் போயிருக்கும். நூறு கோடி ஆண்டுகளைத் தாண்டிய வெண்குறுமீன்கள் வானத்தில் அப்படியே இருக்கின்றன. தொட்ட பொருளையெல்லாம் தன்னைப்போல் மாற்றிவிடும் என்று ஊகிக்கப்படும் 'ஸ்ட்ரேஞ்ச்லெட்' துகளைப் பற்றிய பயத்துக்கு நிலா பதில் சொல்லும்: காற்றுறை இல்லாத அதன் தரையைக் காஸ்மிக் இரும்பு அணுக்கருக்கள் 400 கோடி ஆண்டுகளுக்கு மேலாக நேரடியாக இடித்துவருகின்றன, நிலா அப்படியே இருக்கிறது.

இவையெல்லாம் ஒரு கோளின் அழிவைப் பற்றிய பேச்சு. பிரபஞ்சத்தின் அழிவு என்று உண்மையிலேயே சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: வெற்றிடச் சிதைவு. வெளி முழுவதும் நிறைந்து அடிப்படைத் துகள்களுக்கு நிறை தருவது ஹிக்ஸ் புலம்; அந்தப் புலத்தின் துகள் ஹிக்ஸ் போசான். அதன் நிறை சுமார் 125 கிகா எலக்ட்ரான்வோல்ட் (கிகா என்றால் நூறு கோடி), மிகக் கனமான அடிப்படைத் துகளான டாப் குவார்க்கின் நிறை சுமார் 173. இந்த இரண்டையும் நம் கோட்பாட்டில் போட்டால், ஹிக்ஸ் புலம் இப்போது இருக்கும் நிலை மிகத் தாழ்ந்த நிலை அல்ல, இதைவிடத் தாழ்ந்த ஒன்று இருக்கலாம் என்று விடை வருகிறது. எங்கேனும் ஒரு குமிழி அந்தத் தாழ்ந்த நிலைக்கு விழுந்தால் அது ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் விரியும். அதற்குள் அணு, வேதியியல் எதுவும் நாம் அறிந்தபடி இருக்காது.

ஆனால் குமிழியைத் தொடங்கிவைப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. குமிழியின் சுவருக்கு ஆகும் செலவு ஆரத்தின் இருபடியாக ஏறும், உள்ளே கிடைக்கும் லாபம் முப்படியாக ஏறும். ஆகவே ஓர் எல்லை அளவுக்குக் கீழே பிறக்கும் குமிழி தானே சுருங்கிச் செத்துப்போகும். அந்த எல்லையைத் தாண்ட 10¹⁰ முதல் 10¹¹ கிகா எலக்ட்ரான்வோல்ட் அளவிலான ஆற்றல் வேண்டும், எல்.எச்.சி. எட்டுவது 1.36×10⁴. ஆற்றல் மட்டும் இருந்தாலும் போதாது. ஏராளமான ஹிக்ஸ் துகள்கள் ஓரிடத்தில் ஒரே லயத்தில் கூடி நிற்க வேண்டும். இரண்டு துகளை மோதினால் கிடைப்பது நாலாபக்கமும் சிதறும் துகள்கள்தான். இந்த ஒரு காரணமே வாய்ப்பை நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் குறைத்துவிடுகிறது. தானாகச் சிதைவதற்கு ஆகும் காலமோ, மதிப்பீடுகளின் மைய மதிப்பில் 10¹⁰⁰ ஆண்டுகளையும் தாண்டுகிறது. பிரபஞ்சத்தின் இன்றைய வயது 1.38×10¹⁰ ஆண்டுகள்.

2014-இல் ஸ்டீபன் ஹாக்கிங் ஒரு முன்னுரையில் இதைக் குறிப்பிட்டதும் "கடவுள் துகள் உலகை அழிக்கும்: ஹாக்கிங்" என்று உலகம் முழுக்கத் தலைப்பு (ஹிக்ஸ் போசானைத்தான் ஊடகங்கள் கடவுள் துகள் என்கின்றன). அதற்கான முடுக்கி பூமியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவரே சேர்த்துச் சொன்னதை எத்தனை பேர் போட்டார்கள்? எல்.எச்.சி.யின் அதே 8.3 டெஸ்லா காந்தங்களை வைத்து 10¹¹ கிகா எலக்ட்ரான்வோல்ட்டை எட்ட, வளையத்தின் சுற்றளவு சுமார் 19 கோடி கிலோமீட்டர் இருக்க வேண்டும். துகள்களை இடித்தே கருந்துளை செய்யும் ஆற்றலுக்குப் போனால் சுற்றளவு சுமார் 2,500 ஒளியாண்டு.

"நாம் உயிரோடு இருக்கிறோமே, அதுவே சாட்சி" என்று எங்கள் பக்கத்திலும் சிலர் வாதிடுகிறார்கள். அதுவும் சரியான வாதம் இல்லை. குமிழி வந்திருந்தால் கேட்க ஆளே இருக்காது. இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க்கும் தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ரமும் 2005-இல் இதற்கு வேறு வழி கண்டார்கள். இத்தகைய அழிவு அடிக்கடி நிகழ்வதாக இருந்தால், பார்க்கிறவர்கள் சீக்கிரம் உருவான கோள்களில்தான் இருப்பார்கள். பூமியோ பெருவெடிப்புக்கு 900 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு உருவானது. இதிலிருந்து, வெளியிலிருந்து வரும் எந்தப் பேரழிவும் சராசரியாக நூறு கோடி ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்று வரம்பு கட்டினார்கள். எங்கோ இன்னொரு நாகரிகம் ஏதாவது செய்துவைத்தாலும் இதே வரம்புக்குள்தான்.

எல்லாம் மீறிக் குமிழி பிறந்தேவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், பிரபஞ்சம் முழுவதும் அழியாது. வெளி முடுக்கத்தோடு விரிந்துகொண்டிருப்பதால், இன்று இங்கிருந்து ஒளியின் வேகத்தில் கிளம்பும் எதுவும் சுமார் 1,600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் மண்டலங்களை என்றைக்கும் எட்டாது. நாம் பார்க்கக்கூடிய எல்லை 4,600 கோடி ஒளியாண்டு. தூரத்தின் கன அளவில் பார்த்தால், நம் கண்ணுக்குத் தெரியும் பிரபஞ்சத்தின் மிகப் பெரும்பகுதி நாம் இங்கிருந்து செய்யும் எந்தத் தவறாலும் தீண்ட முடியாத இடத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ (பொருள்களோடு அரிதாகவே மோதும் மிக லேசான துகள்) ஆய்வகத்தின் விஷயத்திலும் இந்தக் குழப்பம் புகுந்தது. அங்கே திட்டமிட்ட கருவியின் வேலை, வளிமண்டலத்தில் தானாக உருவாகும் நியூட்ரினோவை 50,000 டன் காந்த இரும்புக்குள் அளப்பது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களே உங்கள் விரல் நகத்தளவு இடத்தில் விநாடிக்கு 6,500 கோடி ஊடுருவிப் போகின்றன. மலையைக் குடைவது, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு, நீர் ஆகியவற்றைப் பற்றி மக்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லியே ஆக வேண்டும். "நியூட்ரினோ உலகை அழிக்கும்" என்ற கூச்சல் அந்தக் கேள்விகளைத்தான் அமுக்கியது.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால், முதலில் ஆற்றல் எண்ணைத் தேடுங்கள். எண்ணே இல்லை என்றால் அழித்துவிடுங்கள். எண் இருந்தால், ஒரு துகளுக்கா மொத்தக் கற்றைக்கா என்று பாருங்கள். மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கைப் போட்டு 770 டெராவோடு ஒப்பிடுங்கள். "ஐந்து கோடியில் ஒரு வாய்ப்பு" என்பதைப்போல ஏதாவது போட்டிருந்தால், அது மதிப்பீடா மேல்வரம்பா என்று கேளுங்கள். "இதற்கு மேல் போகவே போகாது" என்று கட்டும் வரம்பை, "இவ்வளவு வாய்ப்பு இருக்கிறது" என்று மாற்றிப் படிப்பது இந்தத் துறையில் செய்தியாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. தேதி போட்ட உலக அழிவு எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள், வேடிக்கைக்காகக்கூட வேண்டாம்.

2008 செப்டம்பரில் எல்.எச்.சி. முதன்முதலில் இயங்கிய வேளையில், தொலைக்காட்சிகள் நாள் முழுக்க உலகம் அழியும் என்று ஓட்டியதைப் பார்த்துப் பயந்து மத்தியப் பிரதேசத்தில் 16 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரை விட்டாள் என்று அவள் வீட்டார் சொன்னதாகச் செய்தி வந்தது. பெரியவர்கள் சிரித்துக்கொண்டே அனுப்புவதைப் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இதைப் பற்றிக் கேட்டால் "சும்மா இரு, உளறாதே" என்று அடக்காதீர்கள், தயவுசெய்து. பக்கத்தில் உட்காரவைத்து, என்ன பார்த்தாய், எதில் பார்த்தாய் என்று கேளுங்கள். அந்த வீடியோவைச் சேர்ந்து பாருங்கள். காஸ்மிக் கதிர்க் கணக்கைப் பிள்ளையையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பயம் சில நாளிலும் விலகவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.