கதவே வைக்காத கல்லறை

தென்கொரியாவின் கியோங்ஜூ நகரில் தெருவில் நடந்துபோனால், வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் புல் மூடிய குன்றுகள் எட்டிப் பார்க்கும். குன்றுகள் அல்ல, பண்டைய கொரிய நாடான சில்லாவின் அரச குடும்பக் கல்லறைகள். போங்ஹ்வாங்தே என்ற மேட்டில் பெரிய பெரிய மரங்களே முளைத்து நிற்கின்றன.

ஊரின் நடுவே இப்படி மலைபோல் அடையாளம் வைத்துத் தங்கத்தைப் புதைத்தால் திருடர்கள் சும்மா விடுவார்களா? விட்டார்கள். காரணம், கட்டிய விதம்.

முதலில் மரத்தால் ஓர் அறை. உள்ளே சவப்பெட்டியும் நகை, ஆயுதம், பாத்திரங்களும். அறையைச் சுற்றியும் மேலேயும் ஆற்றுக் கற்களைக் குவிப்பார்கள். சாந்து கிடையாது, வெறும் குவியல். மழைநீர் இறங்காதபடி அதன்மேல் களிமண் பூச்சு. அப்புறம்தான் மண்மேடு. உள்ளே போக வழியே கிடையாது.

சில காலத்தில் மரம் உளுத்துப்போகும். மேலே இருந்த கற்கள் மொத்தமாக அறைக்குள் இறங்கிவிடும். இனி எவனாவது பக்கவாட்டில் சுரங்கம் தோண்டினால் என்ன ஆகும்? வீடு கட்டக் கொட்டிவைத்த ஜல்லிக் குவியலின் அடியில் கையை விட்டு அள்ளிப் பாருங்கள். அள்ள அள்ள மேலிருந்து சரிந்துகொண்டே இருக்கும். இங்கே சரிவது ஜல்லி அல்ல, கனத்த ஆற்றுக் கற்கள். அண்டை நாடான பெக்ஜேயில் கல் அறைக்கு நடைவழி விட்டுக் கட்டினார்கள். கொள்ளையருக்கு அது வாசலாகிப்போனது. சில்லாவும் 6-ஆம் நூற்றாண்டில் அந்தப் பாணிக்கே மாறியது. பாதுகாப்பு என்று பார்த்தால் அது பின்னடைவுதான்.

1921-இல் ஒரு வீட்டை விரிவாக்க மண் வெட்டியபோது முதல் தங்கக் கிரீடம் தற்செயலாகக் கிடைத்தது. 1973-இல், ஹ்வாங்னம்தேசோங் என்ற மிகப் பெரிய மேட்டைத் தோண்டும் முன், கை பழகுவதற்காகப் பக்கத்திலிருந்த சின்ன மேட்டைத் திறந்தார்கள். ஒத்திகையிலேயே ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக் கிரீடமும் பதினோராயிரத்துக்கும் அதிகமான பொருள்களும்! குதிரைச் சேணத்தின் இருபுறமும் சேறு தெறிக்காமல் தொங்கவிடும் பூர்ஜ மரப்பட்டை மறைப்பில் ஒரு வெள்ளைக் குதிரை, வாய் திறந்து பாயும் கோலத்தில். தண்ணீர் எளிதில் ஊறாத பட்டை என்பதால் ஓவியம் தப்பியது. அந்தக் குதிரையால்தான் அதற்குச் சோன்மாசோங், 'விண்குதிரைக் கல்லறை' என்று பெயர். இன்று அதன் உள்ளேயே போய்க் கற்குவியலின் வெட்டுமுகத்தைப் பார்க்கலாம்.

பெரிய மேடு உண்மையில் ஒட்டிப்பிறந்த இரண்டு மேடுகள்: தெற்கில் ஆண், வடக்கில் பெண். ஆணுடன் இருந்தது பொன்முலாம் பூசிய செம்புக் கிரீடம். அசல் தங்கக் கிரீடம் அம்மணியிடம்.