காசநோயாளியின் சோகையும் இரும்பு டானிக்கும்

மார்த்தாண்டம், குலசேகரம், குளச்சல் பக்கங்களிலிருந்து நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வருபவர்களில் கணிசமானோர், சளிப் பரிசோதனைக்கு முன்பே ஏதாவதோர் இரும்புச்சத்து டானிக்கைக் குடித்துப் பார்த்திருப்பார்கள். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்களிடம் இதை அதிகம் காண்கிறேன். உடல் மெலிந்து, முகம் வெளிறினால் ரத்தக்குறைவு என்றும், இருமினால் தூசி என்றும் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. சோகை இருப்பது உண்மைதான். ஆனால் காசநோயில் அது பல வேளைகளில் உடலில் இரும்பு இல்லாததால் வருவதில்லை. இருக்கும் இரும்பை உடலே வெளியே விடாமல் அடைத்து வைப்பதால் வருகிறது.

காசநோய்க் கிருமியும் இரும்பில்லாமல் பெருக முடியாது என்பதே அதற்குக் காரணம். நம் உடலிலுள்ள 3 முதல் 4 கிராம் இரும்பில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில் இருக்கிறது. எஞ்சியது ஃபெரிட்டின் என்ற புரதத்தில் சேமிப்பாகவும், ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தோடு பிணைந்தும் இருப்பதால், கட்டற்றுத் திரியும் இரும்பு ஏறக்குறைய இல்லை. நுரையீரலுக்குள் புகும் கிருமியை மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணு விழுங்குகிறது. கிருமியை விழுங்கிய பையை, லைசோசோம் என்னும் செரிமானப் பையோடு இணைத்துச் செரித்துவிடுவது அதன் வழக்கம். காசநோய்க் கிருமியோ அந்தப் பையைத் தொடக்க நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. இதை வெறும் தற்காப்பு என்று கருதுவது பாதி உண்மையே. டிரான்ஸ்ஃபெரின் செல்லுக்குள் இரும்பைக் கொண்டுவரும் வழித்தடமும் அந்தத் தொடக்கநிலைப் பைகள் வழியாகவே செல்வதால், செரிமானத்திலிருந்து தப்பிய கிருமிக்கு இரும்பும் எட்டும் தூரத்தில் கிடைக்கிறது.

அதைப் பறிக்க அது இரண்டு வகை மூலக்கூறுகளைத் தயாரிக்கிறது. நீரில் கரையும் கார்பாக்சிமைக்கோபாக்டின் வெளியே சென்று, டிரான்ஸ்ஃபெரினிலிருந்தும் ஃபெரிட்டினிலிருந்தும் இரும்பைக் கவர்ந்து வருகிறது. கொழுப்பில் கரையும் மைக்கோபாக்டின் பெரும்பாலும் கிருமியின் உறையிலேயே தங்குகிறது என்றாலும், சவ்வுகளைக் கடந்து விழுங்கணுவின் உட்பகுதியிலிருந்தும் இரும்பைத் திரட்ட வல்லது. இரும்பு மிகுந்தால் கிருமிக்கும் நஞ்சு என்பதால், போதுமான அளவு சேர்ந்ததும் ஐடிஇஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் இந்த உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் என்ற பகுதியிலிருந்தும் இக்கிருமி இரும்பைப் பெறும். கார்பாக்சிமைக்கோபாக்டினை வெளியேற்றும் பாதையை அடைத்தால் அது உள்ளேயே தேங்கிக் கிருமியைக் கொல்கிறது என்பது ஆய்வகத்தில் தெரியவந்திருப்பதால், புதிய மருந்து தேடுவோர் அப்பாதையைக் கவனித்து வருகிறார்கள்.

உடலும் சும்மா இருப்பதில்லை. விழுங்கணுவின் பையிலிருந்து இரும்பை வெளியே இறைக்கும் புரதம் ஒன்று உண்டு. லிப்போகாலின் 2 என்ற இன்னொரு புரதம் கார்பாக்சிமைக்கோபாக்டினையே பிடித்துக்கொள்கிறது. எல்லாவற்றிலும் பெரிய நடவடிக்கை கல்லீரலுடையது: அழற்சி கண்டதும் அது ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, செல்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாயிலை மூடுகிறது. ரத்தத்தில் திரியும் கிருமிகளைப் பட்டினி போட இது நல்ல உபாயம். காசநோய்க் கிருமி குடியிருப்பதோ விழுங்கணுவுக்குள். திருடன் வீட்டுக்குள் இருக்கையில் வாசலைப் பூட்டியது போல, இரும்பு அவனிடமே தேங்குகிறது. ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு கிடைக்காமல் சோகையும் தோன்றுகிறது.

இந்த நிலையில், பரிசோதனையின்றி டானிக் குடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ, காசநோயாளிகளுக்கு இரும்பு மருந்து கொடுப்பது குறித்து எச்சரித்திருக்கிறார். அதற்காக இரும்பு மாத்திரை எவருக்கும் ஆகாது என்று பொருளில்லை. கர்ப்பிணிகளும், மாதவிடாயில் அதிக ரத்தம் இழப்பவர்களும் உண்மையாகவே இரும்புக் குறைவுள்ளவர்களாக இருக்கலாம். கர்ப்ப காலத்து மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அழற்சியின்போது ஃபெரிட்டின் அளவு உயர்ந்துவிடுமாதலால், அந்த ஒரு சோதனையை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் இயலாது. காசநோய் மருந்துகளை முறையாகத் தொடங்கிய பின், பலருக்கு ஹீமோகுளோபின் சில மாதங்களில் தானே ஏறுகிறது. முருங்கைக்கீரைக்கோ நெத்திலிக்கோ அஞ்ச வேண்டியதில்லை. மெலிந்த நோயாளிக்கு மீனும் முட்டையும் பருப்பும் தேவை.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லெவோஃப்ளாக்சசின் எடுப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரை குடலில் அம்மருந்தோடு பிணைந்து, அது ரத்தத்தில் சேர்வதைக் குறைத்துவிடும். ஆகவே இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காமல், குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுவதோடு, வீட்டிலுள்ள டானிக் பாட்டிலையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.